இருந்து ஓட்டினால் மறையும் இடம்

நான் சரக்கு ரயில் ஓட்டுபவள். டென்மார்க்கின் வைலே நகரில் எஞ்சினில் ஏறியதும் அதன் இருக்கை எனக்கு முதலில் சொல்வது 'நீ குள்ளி' என்பதுதான். நெட்டை டேனிஷ்காரரை மனதில் வைத்துச் செய்த அறை அது. காலடியில் ஒரு மிதி உண்டு. அதை அழுத்தாமல் விட்டால் ரயில் தானாக நின்றுவிடும். மிதிக்குக் கால் எட்ட இருக்கையைத் தாழ்த்தினால், எஞ்சினின் மூக்கு முன்னாலுள்ள தண்டவாளத்தை மறைக்கும். உயர்த்தினால் கால் அந்தரத்தில் தொங்கும். மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி. ஆகவே மிதியில் ஒரு காலை வைத்தபடி நின்றே ஓட்டினேன்.

நிற்பவளை எஞ்சின் சும்மா விடாது. போன மாரியில் ஒரு வளைவில் நிலை தவறி, கதவுப் பிடியில் இடுப்பு அடிபட விழுந்தேன். கன்றிப்போன இடத்தைப் பார்த்துக் கணவர் நடுங்கிப்போனார். இக்காஸ்ட் என்ற ஊரில் தொழிற்சாலை யந்திரங்களோடு மாரடிப்பவர் அவர். அடிபட்டவர்களை நிறையக் கண்டிருக்கிறார்.

"இனி இருந்து ஓட்டும். ஒரு நாளைக்கு மண்டை உடைஞ்சுதான் வரப்போறீர்."

"இருந்தா முன்னுக்குத் தெரியாதப்பா."

"கண்ணாடி இவ்வளவு பெரிசு. சாட்டுச் சொல்லாதையும்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது. சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

அடுத்த கிழமை முழுவதும் இருந்தே ஓட்டினேன். வயல்களுக்கு நடுவே பாதை குறுக்கிடும் ஒவ்வோர் இடத்திலும், எஞ்சினின் மூக்குக்குக் கீழே யாரோ நிற்பதுபோலவே இருந்தது. தூரத்தில் வெறும் பாதை. கிட்ட வந்தபின் எதுவும் தெரியாது. சும்மா சொல்லவில்லை, பயந்தேன்.

பிறகு பணிமனையில் குடும்பங்களை அழைக்கும் நாள் வந்தது. ஓட்டம் நிறுத்தி அணைத்துவைத்த எஞ்சினில் கணவரை ஏற்றி என் இருக்கையில் இருத்தினேன். நான் இருந்து ஓட்டும்போது என் கண் இருக்கும் உயரத்துக்கு அவர் கண் வரும்வரை இருக்கையைத் தாழ்த்தினேன். கீழே எங்கள் ஆறு வயது மகள், படம் எடுக்க எஞ்சினுக்கு முன்னால் நிற்கும் சனத்தோடு சேர்ந்துகொண்டாள். சனம் மெல்லக் கலைந்தது.

"நல்லாத் தெரியுதே," என்றார் அவர். "அங்காலை சிக்னல் வரைக்கும் தெரியுது. ஒரு கரைச்சலும் இல்லை."

அவர் பக்கத்து ஜன்னலால் கீழே எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை எங்கை?"

"எழும்பிப் பாருங்கோ."

எழும்பினார். எஞ்சினுக்கு நேர் முன்னால், தண்டவாளத்தின் நடுவே, மகள் இரண்டு கையையும் தூக்கி அவரைப் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் முன்கண்ணாடியில் இரண்டு கையையும் ஊன்றினார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"விழுந்தாலும் பரவாயில்லை. நீர் நிண்டே ஓட்டும்."