பிளாஸ்க் நிரப்பாத வெள்ளிக்கிழமை

எதிர்வீட்டு ஸுவைனாவைப் பற்றி ஊரில் இப்போது ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நேற்றுவரை அவளைக் கேலி செய்த அதே வாய்கள். அதனால் நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன். அவள் பிறந்தபோது விளக்குப் பிடித்தவள் நான். எனக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு இருக்கிறது?

சின்ன வயதிலேயே அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம். யார் எதைச் செய்தாலும் ஏன் என்று கேட்பாள். பெரியவர்கள் காப்பி போதும் என்பதற்குக் கோப்பையை ஆட்டிக் காட்டுவார்கள். "வாயால போதும்னு சொன்னா என்ன, பெரியம்மா? கோப்பைக்கு ஏன் வலிப்பு வருது?" என்பாள். இவளை யார் கட்டிக்கொண்டு போவார்கள் என்று அவள் அம்மா அழுதாள். ஒருவரும் வரவில்லைதான். அவளும் காத்திருக்கவில்லை. மஸ்கட்டுக்குப் போய், மனிதர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதையே பாடமாகப் படித்துவிட்டு வந்தாள். அதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறதாம். கல்யாண வீட்டில் பெண்கள் பக்கம் ஒரு மூலையில் உட்கார்ந்தால் தெரிந்துவிடுகிற விஷயத்துக்கு மஸ்கட் எதற்கு என்று கேட்டேன்.

"மூலையில எப்படி உட்காரணும்னுதான் அங்க சொல்லித் தர்றாங்க, பெரியம்மா" என்றாள்.

வேலை கிடைத்தது எங்கள் கரையோரத்து வானிலை நிலையத்தில். எல்லாரும் மேகத்தைப் பார்க்கிற இடத்தில் இவள் மட்டும் மனிதரைப் பார்க்க வேண்டும். மேலிடத்து உத்தரவு. நிலையத்தின் தலைவர் இஞ்சினியர் யாகூப் உத்தரவை மதிக்கிறவர். ஆகவே பழைய கம்ப்யூட்டர்கள் அடுக்கிக் கிடந்த அறையில் அவளுக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துபோனார். பக்கத்து அறைப் பையன்கள் அவளை வழியில் பார்க்கும்போதெல்லாம், "அக்கா, இன்னிக்கு மனுஷங்க மேகமூட்டமா இருக்காங்களா?" என்று கேட்பார்களாம். படித்தவர்களின் நகைச்சுவை அவ்வளவுதான் எட்டும்.

ஆனால் அவள் அந்த வேலையில் நிஜமாக இறங்கியது உத்தரவுக்காக அல்ல. அண்ணன் ஹம்தானுக்காக. இன்னும் சரியாகச் சொன்னால், அவனுடைய நாலு பிள்ளைகளுக்காக.

மழை வந்தால் வீட்டுக்குள் ஓடுகிற ஊர்கள் உண்டென்று கேள்விப்பட்டிருக்கிறேன். நாங்கள் வெளியே ஓடுகிறவர்கள். வருஷம் முழுக்கக் கல்லும் தூசியுமாகக் கிடக்கிற காட்டாற்றில் தண்ணீர் வருகிறது என்றால் எங்கள் ஓமானில் யார் வீட்டில் இருப்பார்கள்? மலையூரிலிருந்து எங்கள் உறவுக்காரன் மர்ஹூன் போன் போடுவான்: "ஆறு இறங்கியாச்சு, வாழ்த்துகள்." அவ்வளவுதான். கம்பளம் சுருட்டி, பிளாஸ்கில் காப்பி ஊற்றி, பேரீச்சம்பழமும் இறைச்சிச் சோறும் மூட்டை கட்டி, கைக்குழந்தை உட்பட மொத்தக் குடும்பமும் ஆற்றின் மடியில் போய் உட்காரும். அதோடு நின்றாலும் பரவாயில்லை. தண்ணீர் வருகிற நேரம் பார்த்துத் தரைப்பாலத்தில் வண்டியை இறக்கிக் காட்டினால்தான் இங்கே ஆண்பிள்ளை. தண்ணீருக்கு முன்னால் வண்டியை விடுகிறவனைத் தண்ணீர் ஆண்பிள்ளை என்று பார்த்ததாகத் தெரியவில்லை. ஆனால் இவர்களிடம் யார் சொல்வது?

போன வருஷம் ஹம்தானின் வண்டி தரைப்பாலத்தில் மிதந்தது. பிள்ளைகள் உள்ளே. ஒரு விளக்குக் கம்பத்தில் போய் மாட்டிக்கொண்டதால் கயிறு போட்டு ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாக இழுத்தார்கள். கடைக்குட்டி ரய்யா அதற்குப் பிறகு குளியலறைக் குழாயைத் திறந்தாலே அலறுவாள். ஹம்தானோ அந்தக் கதையை ஆண்கள் கூடுகிற கூடத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். சொல்லச் சொல்லத் தண்ணீர் உயர்ந்தது. கடைசியாக நான் கேட்டபோது கம்பமே முழுகியிருந்தது. வேறு வண்டி வாங்கினான், இன்னும் உயரமானது.

"அடுத்த மழைக்கும் இந்தப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போவியாண்ணே?" என்று ஸுவைனா கேட்டாள்.

"இந்த வண்டிக்கு மழைன்னா என்னன்னு காட்ட வேண்டாமா?" என்றான்.

அன்றிலிருந்துதான் அவள் வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள். எச்சரிக்கை வந்ததா, வந்ததைக் கேட்டு என்ன செய்தீர்கள், யாரிடம் பேசினீர்கள் என்று விசாரணை. எல்லாரும் அவளுக்குக் காப்பி கொடுத்தார்கள், பொய்யும் கொடுத்தார்கள். "எச்சரிக்கை வந்தா நாங்க வாசல்படி தாண்ட மாட்டோம்மா" என்று என் தம்பி மனைவி சொன்னபோது, நனைந்த கம்பளம் அவள் பின்னால் கொடியில் தொங்கியது. என்னிடமும் வந்தாள். எனக்கு எழுத்து தெரியாது, போனில் வருகிற செய்தியெல்லாம் எனக்கு எறும்பு வரிசை என்றேன். அப்போ மழை வருதுன்னு உங்களுக்கு யார் சொல்றா என்றாள். "பிளாஸ்கைத் தேடிக்கிட்டு உங்க அண்ணி ஓடுற சத்தம் சொல்லும்" என்றேன். அவள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நான் ஏதோ கிண்டலாகச் சொன்னதுதான்.

பிறகு யாகூபிடம் போய்ப் பேசினாளாம். அவள் எனக்கு நடித்துக் காட்டியதைத்தான் சொல்கிறேன்.

"சார், 'ஆறுகள் ஓடும், கவனமா இருங்க'ன்னு நாம அனுப்பறோம். ஜனங்க முதல் பாதியோட நிறுத்திக்கிறாங்க. அது அவங்களுக்கு நல்ல சேதி. நாம அனுப்பறது அழைப்பிதழ் சார்."

"எத்தனை மில்லிமீட்டர்னும்தானே போடறோம்?"

"மில்லிமீட்டர் பார்த்து யாரும் சோறு கட்டல. ஆத்துக்குப் போறதை ஆம்பிளைங்க முடிவு பண்றாங்க, ஆனா சோறும் காப்பியும் இல்லாம ஒரு வண்டியும் கிளம்பினதில்ல. பொம்பளைங்ககிட்டப் பேசுவோம். எழுத்துல வேண்டாம், குரல்ல. பிளாஸ்கை நிரப்பாதீங்கன்னு சொல்லுவோம்."

யாகூப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாராம். "ஏம்மா, செயற்கைக்கோள் வெச்சிருக்கோம், ராடார் வெச்சிருக்கோம். அதையெல்லாம் வெச்சுக்கிட்டு பிளாஸ்கைப் பத்திப் பேசச் சொல்றியா? எங்க வேலை வானத்தோட. தரையில நடக்கறதைப் போலீஸ் பாத்துக்கும்."

அவருடைய ராடார் மலைக்கு அந்தப் பக்கம் ஈ பறந்தாலும் காட்டும். இந்தப் பக்கம் நாலு பிள்ளைகள் வண்டியில் ஏறுவதைக் காட்டாது. அதில் அவருக்கு வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை நிலையத்திலிருந்து செய்தி வந்தது. காற்றழுத்தத் தாழ்வு, இத்தனை மில்லிமீட்டர், நாளை ஆறுகள் ஓடும், கவனம். ஹம்தான் அதை உரக்கப் படித்துக்கொண்டே தெருவுக்கு வந்தான். கவனம் என்கிற சொல் வருவதற்குள் போனில் மச்சானைக் கூப்பிட்டுவிட்டான். "தொழுகை முடிஞ்ச கையோட கிளம்பறோம். பிள்ளைங்க எல்லாம் என் வண்டியில."

ஸுவைனா தன் அண்ணி மௌஸாவிடம் போனாள். மௌஸா நல்லவள்தான், ஆனால் கைப்பக்குவத்தில் கர்வக்காரி. ஆற்றங்கரையில் யார் வீட்டுக் காப்பி முதலில் தீர்கிறது என்று இந்தத் தெருப் பெண்களுக்குள் ஒரு போட்டியே உண்டு. மௌஸாவின் பிளாஸ்க்தான் எப்போதும் முதலில் காலியாகும். அதை விட்டுக்கொடு என்றால் லேசில் சம்மதிப்பாளா?

"நான் நிரப்பலேன்னா பக்கத்து வீட்டுக்காரி நிரப்புவா. உங்கண்ணன் அங்க போய்க் குடிப்பார். எனக்கு மானம் போறதுதான் மிச்சம்."

"அதான் அண்ணி, ஒருத்தரும் நிரப்பக் கூடாது. நீங்க சொன்னா கேப்பாங்க."

"நீ சொல்லேன். உனக்குத்தானே அதுக்குச் சம்பளம்?"

"நான் சொன்னா ஆபீஸ்காரி சொன்னதா ஆயிடும்."

அப்போது குளியலறையில் யாரோ குழாயைத் திறந்தார்கள். ரய்யா ஓடிவந்து மௌஸாவின் துப்பட்டாவுக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள். மௌஸா பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே போனை எடுத்தாள். கல்யாணம், மருதாணி, சாவு எல்லாவற்றுக்கும் பெண்கள் பேசிக்கொள்கிற வாட்ஸ்அப் குழு அதில் இருக்கிறது. எழுதவில்லை, குரலாகவே பேசிப் பதிந்தாள்:

"பொண்ணுங்களா, மௌஸா பேசறேன். நாளைக்கு எங்க வீட்டு பிளாஸ்க் காலியாத்தான் இருக்கும். சோறு வீட்டுக்குள்ளதான் இறக்குவேன். உங்க வீட்லயும் அப்படியே இருக்கட்டும். மீறி நிரப்பறவ யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். அடுத்த கல்யாணத்துல, புள்ளைங்களை விடக் காப்பி பெருசான்னு அவளை எல்லார் முன்னாடியும் கேப்பேன்."

நானும் பக்கத்தில் இருந்தேன். போனைப் பிடுங்கி, "நானும் கேப்பேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஹம்தான் வந்தான். மலைப் பக்கம் கரியாக இருந்தது. பிள்ளைகள் ஏற்கனவே வண்டிக்குள் ஏறியிருந்தார்கள். பிளாஸ்கைத் தூக்கினான். லேசாக வந்தது. ஆட்டிப் பார்த்தான்.

"என்னடி இது, காப்பி எங்க?"

"போடல."

"ஏன்?"

"மழை வருதாமே."

"மழை வருதுன்னுதான் காப்பி."

"எனக்கு அப்படித் தோணல" என்று சொல்லிவிட்டு, மௌஸா சோற்றுத் தட்டைக் கூடத்தின் நடுவில் வைத்து மூடியைத் திறந்தாள். ஏலமும் கிராம்பும் போட்ட ஆட்டு இறைச்சி. வாசனை வண்டிவரை போனது. முதலில் பெரியவன் இறங்கினான், பிறகு மற்ற மூன்றும். பசிக்கிற பிள்ளைகளுக்கு அப்பனும் தெரியாது, ஆறும் தெரியாது. ஹம்தான் மச்சான்மார்களுக்குப் போன் போட்டான். எங்க வீட்லயும் போடலையாம், எங்க வீட்லயும்தான் என்று ஒரே பாட்டு. எஞ்சினை ஓடவிட்டு ஆறேழு ஆண்பிள்ளைகள் தெருவில் நின்றார்கள், சோறு போடாத கல்யாண வீட்டு விருந்தாளிகள் மாதிரி.

கடைசியில் இளைய மச்சான் பத்ர், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கேரளாக்காரர் கடையில் டீ வாங்கிவருகிறேன் என்று கிளம்பினான். டீ வாங்கவே ஆற்றைத் தாண்ட வேண்டும் என்று இந்தத் தெருவில் ஒருவனுக்கும் உறைக்கவில்லை. ஹம்தான் தன் வண்டியில் தனியாகப் பின்னால் போனான்.

பத்ரின் வண்டி தரைப்பாலத்தில் இருக்கும்போது தண்ணீர் வந்தது. அவன் கதவைத் திறந்து குதித்து, அந்தப் பக்கக் கரையைப் பிடித்துவிட்டான். வண்டி அவனை மாதிரி யோசிக்கவில்லை, தண்ணீரோடு போயிற்று. இந்தப் பக்கம் நின்று ஹம்தான் அதைப் பார்த்தான். போன வருஷம் அவன் உள்ளே இருந்தவன். வெளியே நின்று பார்ப்பது இதுதான் முதல் தடவை. பின் இருக்கையில் பிள்ளைகளைத் தேடினானாம். அது அவர்களுடைய வண்டியே இல்லை, இருந்தும் தேடினானாம். வீட்டுக்கு வந்து சேற்றுக்காலோடு கூடத்தில் நின்று பிள்ளைகளை எண்ணினான். பிறகு உட்கார்ந்து, ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டான்.

இந்த அடக்கமெல்லாம் அந்த ஒரு நாளோடு சரி. அடுத்த வாரமே ஆண்கள் கூடத்தில், தானே பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வந்ததாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். யாகூப் தொலைக்காட்சியில் தோன்றி, நிலையத்தின் எச்சரிக்கையை மக்கள் சரியாகப் புரிந்துகொண்டு ஒத்துழைத்தார்கள் என்றார். ஸுவைனாவுக்கு ஜன்னல் உள்ள அறை கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து அறைப் பையன்களில் இரண்டு பேரை அவளுக்குக் கீழே போட்டிருக்கிறார்கள். அவர்கள் இப்போது வீடு வீடாக வந்து, உங்க வீட்ல எத்தனை பிளாஸ்க் இருக்கு என்று கேட்கிறார்கள். நான் ஒன்றும் இல்லை என்று சொல்லியனுப்பினேன்.

நேற்று மறுபடியும் செய்தி வந்தது. குரலில்தான் வந்தது, பெண் குரல். அதில் முன்னேற்றம். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுச் சமையலறையில் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். ஹம்தான் கடையில் புதிதாக வாங்கிய பிளாஸ்க் ஒன்றை மேடைமேல் வைத்துக்கொண்டு, தானே அடுப்பு மூட்டி நின்றான்.

"ஏலக்காய் எங்க இருக்கு?" என்றான். ஏலம் போடாத காப்பி எங்கள் ஊரில் காப்பியே இல்லை.

மௌஸாவுக்குத் தெரியவில்லை. ஸுவைனாவுக்கும் தெரியவில்லை. பிள்ளைகளைக் கேட்டான், அவர்களுக்கும் தெரியவில்லை. ரய்யா மட்டும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.