அழைப்பு மணியில் இருந்த பெயர்

நான் ஜெர்மனியின் பான் நகருக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. ஒரு ஞாயிறு மத்தியானம், காய்ச்சலில் கிடந்த என் சின்ன மகளுக்கு வலிப்பு வந்துவிட்டது. வேலைக்குப் போயிருந்த கணவர் போனை எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த சில ஜெர்மன் சொற்களில் ‘ஆர்ட்ஸ்ட்’ ஒன்று. வைத்தியர் என்று அர்த்தம். கீழ்வீட்டு அழைப்பு மணியில் அது எழுதியிருந்ததைப் பார்த்திருந்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கதவைத் திறந்த பெண்ணின் கையெல்லாம் மாவு. “ஆர்ட்ஸ்ட்! ஆர்ட்ஸ்ட்!” என்று கத்தினேன். அவர் பதறிப்போய், “நைன், நைன்” என்று, இல்லை என்பதாய்த் தலையாட்டினார். மறுக்கிறாரே என்று அவர் காலில் விழுந்தேன். “என்ர பிள்ளையைக் காப்பாத்துங்கோ” என்று தமிழிலேயே கதறினேன்.

அவர் மகளை வாங்கி ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸை அழைத்தார். என் கையை விடாமல் ஆஸ்பத்திரிவரை வந்தார்.

மகள் கண்விழித்த பிறகுதான் கணவர் வந்துசேர்ந்தார். அந்தப் பெண்ணோடு பேசிவிட்டு என்னிடம் சொன்னார்:

“அவ டொக்டர் இல்லையப்பா, டிராம் ஓட்டுறவ. ஆர்ட்ஸ்ட் எண்டது அவையின்ர குடும்பப் பேர். எந்தக் காலத்திலயோ அவையின்ர பரம்பரையில ஆரோ வைத்தியம் பாத்திருக்கினம். தொழில் போயிட்டுது, பேர் நிண்டிட்டுது.”

‘நான் வைத்தியர் இல்லை’ என்று சொல்லி அந்தப் பெண் கதவைச் சாத்தியிருந்தாலும் அவர் சொன்னது உண்மையாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் அவர் கதவைச் சாத்தவில்லை.