பாய் கண்ணும் நான் போட்ட டிரைவரும்

பழைய விண்டோஸுக்கும், திரையில படம் காட்டற புது கிராபிக்ஸ் கார்டுக்கும் முடிச்சுப் போடறது வரன் பார்க்கற மாதிரி. எல்லாம் கூடிவர்ற நேரத்துல யாராவது ஒருத்தர் ஒத்துவராதுன்னுடுவாங்க. நடுவுல நின்னு ரெண்டையும் சேர்த்து வைக்கற சின்ன சாஃப்ட்வேருக்குத்தான் டிரைவர்னு பேரு. அது கிடைக்காம இன்டர்நெட்ல அலைஞ்சவங்களா நீங்க? அப்போ நம்ம ஆளுதான், உட்காருங்க. நான் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி சர்வீஸ் கடை வெச்சிருக்கறவ.

புதுசு வேணாம்

ஒரு ஷூ கம்பெனியோட எல்லா கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. கடை வாடகையும் பையன் காலேஜும் அந்தக் கம்பெனியை நம்பித்தான் ஓடிச்சு. அங்கே பேட்டர்ன் மாஸ்டர் ஜமீல் பாய். ஷூவோட ஒவ்வொரு தோல் துண்டையும் எந்த வடிவத்துல வெட்டணும்னு கம்ப்யூட்டர்ல வரைஞ்சு குடுக்கறவர். ஒருநாள் அவர் மிஷின் பொசுக்குனு போயிடுச்சு. முதலாளி புது கம்ப்யூட்டரும் அகல மானிட்டரும் வாங்கி வந்தார். ஆனா பாயோட சாஃப்ட்வேர் பழைய விண்டோஸை விட்டு நகராது. அதை வித்தவங்களே இப்ப கடையை மூடிட்டாங்க.

"வேற சாஃப்ட்வேர் வாங்கிக்கலாமே பாய்?"னு கேட்டேன்.

"பதினெட்டு வருஷமா நான் வரைஞ்ச ஷூ எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கும்மா. வேற எதுலயும் தொறக்காது."

கைவைத்தியம்

புது மிஷினோட கிராபிக்ஸ் கார்டு செஞ்சவங்க வெப்சைட்ல அந்த விண்டோஸ் பேரையே காணோம். எந்த ஊர்ப் புண்ணியவானோ, டிரைவர் ஃபைலைத் தொறந்து நம்ம கார்டோட நம்பரைக் கையால சேர்த்தா ஏத்துக்கும்னு எழுதி வெச்சிருந்தான். சேர்த்தேன், நீலத் திரை வந்து மிஷின் நின்னுடுச்சு. மறுபடி சேர்த்தேன், மறுபடி நீலம். நாலு நாள் சோறு இறங்கல. அஞ்சாம் நாள் படம் வந்துச்சு! ஆனா பழைய சதுர மானிட்டருக்கு ஏத்த அளவுல மட்டும்தான். புது மானிட்டர் அதைப் பக்கவாட்டுல இழுத்து ரொப்பிக்கிச்சு. நான் கவனிக்காம இல்ல. "எழுத்து கொஞ்சம் குண்டா தெரியும், பழகிடும் பாய்"னு சொல்லிட்டுப் பையைத் தூக்கிட்டேன்.

முதலாளிக்கு ஏக சந்தோஷம். "படம் வருதுல்ல? அப்புறம் இன்னா!"

சாந்தி கால்

ஆர்டர் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சாம்பிள் ஷூ தைப்பாங்க. தையல் ஹால்ல சாந்தின்னு ஒரு பொண்ணு. சாம்பிள் அளவுக்கு அச்சு அசலா அவ கால். அவ போட்டு நடந்து பார்த்துட்டு சொல்றதுதான் தீர்ப்பு.

ரெண்டு மாசம் கழிச்சு பிரிண்டர் பார்க்கப் போனேன். சாந்தி நொண்டிக்கிட்டே வந்து, "கட்டைவிரல் நசுங்குது மாஸ்டர்"னா. தொடர்ந்து மூணாவது சாம்பிளாம். பாய் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். வேலூர் போய் கண்ணைக் காட்டி, புதுக் கண்ணாடியும் போட்டாச்சு, ஒண்ணும் சரியாகல. முதலாளி என்னை ஓரமா கூப்பிட்டார்.

"பாய்க்குக் கண்ணு போயிடுச்சும்மா. இந்த மாசத்தோட வீட்ல இருக்கச் சொல்லப்போறேன்."

வளையல்

பாய் பக்கத்துல போய் உட்கார்ந்தேன். "திரையில முன்பக்கம் அகலமா தெரியுது, குறைக்கறேன். குறைச்சா சாந்தி கால்ல இறுக்குது. இன்னா பேஜாரும்மா இது?"ன்னார். நான் இழுத்தபடியே விட்டுட்டு வந்த படம் ஞாபகம் வந்துச்சு. ஓரத்துல அளவு எண்ணா வரும்தான். ஆனா அட்டையைக் கையால வெட்டிப் பழகின மனுஷன், எண்ணைப் பார்க்கறதே இல்ல, எல்லாம் கண்ணளவு. திரையில ஒரு வட்டம் போட்டு என் வளையலைக் கழட்டி வெச்சுப் பார்த்தேன். வட்டம் முட்டையா இருந்துச்சு.

மானிட்டர்லயே ஒரு பட்டன் இருக்கு, அமுக்கினா படத்தை இழுக்காது. ரெண்டு பக்கமும் கறுப்பா நிக்கும், அவ்வளவுதான். யாருக்கும் தெரியாம அமுக்கிட்டுப் போயிடலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு, பொய் சொல்லமாட்டேன். அப்படிப் போயிருந்தா பாய் வேலையும் போயிருக்கும், கண்ணு கெட்டுப்போச்சுன்னே காலம் பூரா நம்பியிருப்பார். முதலாளியைக் கூப்பிட்டு, பாய் எதிர்லயே பட்டனை அமுக்கிக் காட்டிச் சொல்லிட்டேன்: "சார், பாய் கண்ணு நல்லாதான் இருக்கு. நான்தான் டிரைவரைச் சரியா போடல. தெரிஞ்சேதான் விட்டுட்டுப் போனேன்."

முதலாளி என்னை முறைச்சுப் பார்த்துட்டு வெளிய போயிட்டார். அடுத்த மாசம் அந்தக் கம்பெனி சர்வீஸ் ராணிப்பேட்டைக்காரங்க கைக்குப் போச்சு. பாய் அதே நாற்காலியிலதான் இருக்கார். அன்னிக்கு அவர் கண்ணாடியைக் கழட்டிட்டு, வட்டமாயிட்ட வட்டத்தையே ரொம்ப நேரம் பார்த்தார், கண்ணு கலங்கிடுச்சு.

"ரெண்டு மாசமா என் பேத்தி மூஞ்சியைக்கூட சந்தேகமாவே பார்த்துட்டு இருந்தேம்மா!"

அந்தக் கம்பெனி போனதுல எனக்கு மிஞ்சினது ஒரே ஒரு பழக்கம்தான்: எந்த மிஷின்ல படம் வந்தாலும், சந்தோஷப்படறதுக்கு முன்னாடி ஒரு வட்டம் போட்டுப் பார்த்துக்கறது.