அவர் திறந்தபோது தெரியாத பக்கம்

மகள் பிறந்தபோது அவள் அப்பா சரக்குக் கப்பலில் இருந்தார். நான் ஏழு மாதக் கர்ப்பமாக இருக்கும்போது ஏறியவர், அவள் நடக்க ஆரம்பித்த பிறகுதான் ஊர் திரும்புவார். செல்போனில் படம் அனுப்பும் காலம் இல்லை அது; தபாலில் அனுப்பிய போட்டோ ஒரு துறைமுகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் கப்பல் அடுத்ததற்குப் போயிருக்கும். மகளின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. கல்யாணத்துக்கு முன் நான் வெப் டிசைனிங் படித்திருந்தேன். இலவசமாக இடம் தரும் தளம் ஒன்றில் அவளுக்கென்று ஒரு பக்கம் போட்டுவிட்டால், எந்தக் கரையில் இறங்கினாலும் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

கல்மண்டபம் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டரில், மகளை மடியில் வைத்துக்கொண்டே செய்தேன். ரோஜா நிறப் பின்னணி, மேலிருந்து உதிரும் பூக்கள், திறந்ததும் ஒலிக்கும் பாட்டு. போட்டோக்களைப் பெரிதாகவே ஸ்கேன் செய்தேன், சின்னதாகப் போட்டால் கண் சரியாகத் தெரியாதே என்று. அவருக்கு இங்கிலீஷ் வராது. அதனால் எல்லாம் தமிழில்.

"இன்னா தங்கச்சி, உன் பக்கம் எங்க வூட்டு பீரோவ வுட வெயிட்டா கீது. தெறக்கறதுக்குள்ள ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாம்" என்றார் சென்டர்காரர்.

சிரித்தேன். அப்போதே யோசித்திருக்க வேண்டும். எப்போது போனாலும் மூலையில் இருந்த அதே கம்ப்யூட்டரில்தான் உட்காருவேன். அதில்தான் தமிழ் எழுத்து தெரிவதற்கான ஃபான்ட் ஏற்றியிருந்தது. மற்றவற்றில் எப்படித் தெரிகிறது என்று ஒருநாள்கூடப் பார்க்கவில்லை.

சில வாரம் கழித்து, ஏதோ ஒரு துறைமுகத்தின் மாலுமிகள் விடுதியிலிருந்து மகளின் அப்பா போன் செய்தார்.

"இன்னா மே எழுதிகீறே? இங்கிலீசு எழுத்துக்குத் தலையில புள்ளியும் கொம்பும் வச்சாப்ல கீது. பூ மட்டும் கொட்டுது."

"கொழந்த படம்?"

"நெத்தி வரிக்கும் வந்துச்சி. அப்புறம் நின்னுபோச்சி. பின்னாடி ஆளுங்க க்யூவுல நிக்கிறானுங்க."

"ஃபான்ட் எறக்கணும்னு மேலயே எழுதியிருந்தேனே."

"அதுவும் கொம்பாதான் கீது."

ஃபான்டை இறக்கிக்கொள்ளுங்கள் என்ற வரியையும் அதே ஃபான்டில்தான் எழுதியிருந்தேன். இவ்வளவு படித்தவளுக்கு இது தோன்றவில்லை.

பிறகு எல்லாவற்றையும் எடுத்தேன். பூ போயிற்று, பாட்டு போயிற்று, ரோஜா நிறம் வெள்ளையாயிற்று. எழுத்தே வேண்டாம் என்று முடிவு செய்து, சின்னதாக ஒரே ஒரு படம் வைத்தேன். சென்டரில் இருந்த எல்லாக் கம்ப்யூட்டரிலும் திறந்து பார்த்தேன். உடனே வந்தது. முதலிலேயே இப்படிச் செய்திருந்தால் நெற்றியோடு நின்றிருக்காது. பூக்கள் அவருக்காகவா, எனக்குச் செய்யத் தெரியும் என்று காட்டவா என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

அதன்பின் அந்தப் பக்கத்தைத் தொடவே பயமாக இருந்தது. சரியாக இருப்பதைக் கைவைத்துக் கெடுத்துவிடுவேனோ என்று விட்டுவிட்டேன். இடையில் மகளுக்கு அம்மை போட்டது. வேப்பிலையும் இளநீருமாக வீட்டோடு கிடந்தேன். மறுபடி சென்டருக்குப் போனபோது மெயிலில் ஒரு எச்சரிக்கை பழையதாகிக் கிடந்தது: நெடுநாள் யாரும் உள்ளே நுழைந்து கவனிக்காத பக்கங்களை எடுத்துவிடுவார்களாம். எடுத்தும்விட்டிருந்தார்கள்.

அந்த இடைவெளியில்தான் அவர் இன்னொரு கரையில் இறங்கி வரிசையில் நின்றிருக்கிறார். "ஒண்ணுமே இல்ல மே, வெள்ளையா கீது" என்றார் போனில். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மறுபடி பக்கத்தைப் போட்டேன். ஆனால் அதற்குப் பிறகு ஊர் திரும்பும்வரை அவர் கரை இறங்கவே இல்லை.

சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்பே, ஒரு மத்தியானம் வந்து நின்றார். வீட்டுக்குள் இரண்டு குழந்தைகள் தரையில் உட்கார்ந்திருந்தன. பையைக் கீழே போட்டுவிட்டு நேரே போய் ஒன்றை வாரித் தூக்கி முத்தம் கொடுத்தார். அது, அங்கே வந்து உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரியின் மகள்.

"யண்ணா, அது என் பொண்ணு!" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, குழந்தையைக் கீழே விடாமல், என்னைப் பார்த்தார். நான் கையை நீட்டி எங்கள் மகளைக் காட்ட வேண்டியிருந்தது.