அண்ணனின் டிராக்டர் உருண்ட அன்று

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும்படி அண்ணி கேட்டபோது முதலில் மறுத்தேன். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள் நான். இரண்டு நாள் யோசித்துவிட்டு நானே போய், "எழுதுறேன் அண்ணி. ஆனா நான் எழுதுறதுல ஒரு எழுத்தைக்கூட மாத்தக் கூடாது" என்றேன். அண்ணிக்கு விஷயம் தெரியும். "சரி, எழுது" என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் மாத்தளைக்கு மேலே எங்கள் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தார். அப்பா காலமானபோது அவருக்குப் பதினாறு வயது. தன் படிப்பை நிறுத்திக்கொண்டார். என்னை நிறுத்த விடவில்லை. கொக்கோ காய் உடைக்கும் வேலையில் தொடங்கி, தோட்டத்து லொறியில் உதவிக்கு ஏறி, பிறகு அதே லொறிக்கு டிரைவரானார். இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியும் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. என் கணவர் இறந்து, இரண்டு பிள்ளைகளோடு நான் திரும்பி வந்தபோது, தோட்டத்தை நடத்தும் துரையிடம் பேசிப் பிள்ளை மடுவத்தில் எனக்கு வேலை வாங்கித் தந்தவரும் அவர்தான். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த வேலையில்தான் இன்றும் இருக்கிறேன்.

தோட்டம் லொறியை விற்றதும் அண்ணனுக்கு வேலை போனது. "கொழும்புக்குப் போய் ஏதாவது கடையில நிப்பமா?" என்று அண்ணி கேட்டார். அண்ணனோ தம்புள்ளைப் பக்கம் போய், ஒரு தோப்பில் பல வருடமாகச் சும்மா கிடந்த பழைய டிராக்டரை வாங்கிவிட்டு வந்தார். அதை ஒரு லொறியில் கட்டி இழுத்துக்கொண்டு பலாபத்வல தாண்டி வந்தபோது, ரோட்டில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்களாம். சீட் இருந்த இடத்தில் எறும்புப் புற்று. சைலன்சருக்குள் குருவிக் கூடு.

"என்ன தம்பி, டிராக்டர் வாங்கினீங்களா, குருவி வாங்கினீங்களா?" என்று லெச்சுமி அக்கா கேட்டார். அவர் எங்கள் அடுத்த வீட்டுக்காரர்.

"குருவி இனாம் அக்கா. டிராக்டருக்குத்தான் காசு."

ஐந்து மாதம் அண்ணன் அதோடு கிடந்தார். இறுகிப்போன எஞ்சினை டீசல் ஊற்றி ஊற வைத்துக் கழற்றினார். பிஸ்டன் ரிங் மாற்றினார். டீசல் பம்பைத் தூக்கிக்கொண்டு மாத்தளைக்கு எத்தனை தடவை பஸ்ஸில் போனார் என்று கணக்கில்லை. கடைசியில் எஞ்சின் சத்தம் கேட்டது. ஆனால் இரண்டு குறைகள் இருந்தன. பேட்டரி இல்லை, அதனால் மேட்டில் நிறுத்தி, உருளவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பிரேக்கும் இல்லை, பழைய கட்டையைக் கழற்றியாகிவிட்டது, புதியது வரவில்லை. ஆகவே பின் சில்லு இரண்டுக்கும் முன்னால் ஒவ்வொரு கருங்கல்லை வைத்து மேட்டில் நிறுத்தியிருந்தார். அந்த மேட்டுக்கு நேர் கீழே பிள்ளை மடுவம்.

பிரேக் வந்த பிறகு பூசை போடலாம் என்றுதான் அண்ணன் நினைத்தார். ஆனால் அது ஆனி மாதத்துக் கடைசி வெள்ளி. ஆடி பிறந்துவிட்டால் புது வேலை தொடங்க மாட்டோம். பலாபத்வலையில் ஒரு ஹாஜியார் தன் மரக்கறித் தோட்டத்தை உழக் கூப்பிட்டிருந்தார். ஒரு மாதம் தள்ளினால் வேறு ஆளைப் பிடித்துவிடுவார். "பூசையை இன்னைக்குப் போட்டுருவோம், பிரேக் வந்தப்புறம் எடுப்போம்" என்று எல்லோரும் சொன்னதால் அண்ணன் சம்மதித்தார்.

மதியம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துத் தூங்க வைத்தேன். உதவிக்கு இருந்த பெண்ணிடம் சொல்லிவிட்டு மேட்டுக்கு ஏறினேன். அண்ணன் இரண்டு தடவை சத்தமாகச் சொன்னார்: "கல்லை யாரும் தொடாதீங்க. கியர் பூட்டிக்கிட்டா கழட்ட ஏலாது, அதனால நியூட்ரல்ல நிக்குது." நான் கேட்டேன். என் இரண்டு காதாலும் கேட்டேன்.

நாலு சில்லுக்கும் முன்னால் எலுமிச்சந் தேசிக்காய் வைக்கும்படி பூசாரி என் கையில் கொடுத்தார். முன் சில்லு இரண்டுக்கும் வைத்தேன். பின்னால் இடது பக்கம் கல் சரிந்து நின்றதால் தேசிக்காய் அங்கே நிற்கவில்லை. வலது பக்கத்தில் கல் சில்லை ஒட்டியே இருந்தது. கல்லுக்கு முன்னால் வைத்தால் சில்லு தேசிக்காயில் ஏறாது, பூசை குறையாகிவிடும் என்று மனதுக்குப் பட்டது. ஒரு நிமிஷம்தானே என்று வலது பக்கத்துக் கல்லை உருட்டித் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் தேசிக்காயை வைத்தேன். சரிந்து நின்ற மற்றக் கல் தனியாகப் பாரத்தைத் தாங்காது என்று எனக்குப் புரியவில்லை. அப்போது சூடம் காட்டினார்கள். எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். நானும் மூடினேன்.

தேசிக்காய் நசுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது டிராக்டர் நகர்ந்துகொண்டிருந்தது. மெதுவாகத்தான் போனது; ஒரு ஆள் நடக்கிற வேகம். பிறகு ஓடுகிற வேகம். "மடுவம்! மடுவம்!" என்று லெச்சுமி அக்கா கத்தினார். அவருடைய பேத்தியும் அங்கேதான் தூங்கிக்கொண்டிருந்தாள். மொத்தம் பதினொரு பிள்ளைகள். அண்ணன் சூடத் தட்டைத் தட்டிவிட்டு ஓடினார். பின்பக்கமாகத் தொற்றி ஏறி, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தார். டிராக்டர் பாதையை விட்டு விலகி, மண் மேட்டில் இடித்துச் சாய்ந்தது. மடுவத்துச் சுவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு கதவு அகலம்தான் இருந்தது. பிள்ளைகள் சத்தத்தில் எழும்பி அழுதார்கள். அண்ணனின் இடது கால் டிராக்டருக்கு அடியில் மாட்டியிருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்டுப் படுத்திருந்தார்.

"அண்ணே, அந்தக் கல்லை..."

"தெரியும். தள்ளிக் கெடந்ததைப் பார்த்தேன். வாயைத் தொறக்காத."

"தோட்டத் தலைவர் விசாரிக்க வர்றாராம் அண்ணே."

"வரட்டும். எனக்கு டிராக்டர் போனா வேற வேலை பார்ப்பேன். ஒனக்கு மடுவம் போனா புள்ளைகளுக்கு என்ன குடுப்ப?" நான் அழுததைப் பார்த்து, "ஒடஞ்சது கிளச் காலு. பிரேக் காலு நல்லாத்தான் இருக்கு, பிரேக்தான் இல்ல" என்றார்.

தலைவர் மடுவத்துப் பிள்ளைகளின் பெற்றோர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்தார். நான் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"கல்லு வச்சது யாரு?"

"நான்தாங்க. சரியா வைக்கல. பிழை என்னோடது."

"இருபது வருஷம் லொறி ஓட்டின ஆளு பேசுற பேச்சா இது?" என்று ஒருவர் கேட்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். தலைவர் என் பக்கம் திரும்பி, "நீயும் அங்கதானே நின்ன. என்ன பாத்த?" என்றார். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அண்ணன் என்னைப் பார்த்தார். "கண்ணை மூடியிருந்தேங்க" என்றேன்.

டிராக்டர் இனிமேல் தோட்டத்துக்குள் வரக்கூடாது என்று முடிவானது. அதை அலுவிகாரைப் பக்கம் ரோட்டோரத்தில் நிறுத்தி, அண்ணன் தாங்கித் தாங்கி நடந்து போய் அங்கே வைத்துத் திருத்தினார். பிரேக் போட்ட பிறகும் யாரும் கூப்பிடவில்லை. "பிரேக்கில்லா மாமா" என்று பெயர் வைத்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் எங்கள் தோட்டத்தில் ஒரு ஆள்கூட ஒரு சுமை விறகு ஏற்றக் கொடுக்கவில்லை. அந்த நாட்களில் ஒவ்வொரு காலையும் நான் மடுவத்தைத் திறந்தேன். சம்பளம் வாங்கினேன்.

அப்போது வந்தவர் அந்த ஹாஜியார் ஒருவர்தான். "தம்பி, இப்ப பிரேக் இருக்கா?" என்று நேராகவே கேட்டார். "நீங்களே ஏறி மிதிச்சுப் பாருங்க ஹாஜியார்" என்றார் அண்ணன். அவரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் உழக் கொடுத்தார். அதிலிருந்து மெதுவாகப் பிழைப்பு வந்தது. தன் பிள்ளைகளையும் என் பிள்ளைகளையும் அண்ணன் அந்த டிராக்டரால்தான் கரை சேர்த்தார்.

போன வருடம் சிறுநீரக நோயில் படுத்தபோது ஒருநாள் கேட்டேன். "இனியாவது சொல்லிரவா அண்ணே?"

"இத்தனை வருஷம் கழிச்சு என்னைப் பொய்க்காரனாக்கப் போறியா?" என்று சிரித்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலாம் நாள் காலையில் உயிர் பிரிந்தது.

நோயில் இரவு பகல் பார்த்த அண்ணிக்கும், ஆஸ்பத்திரித் தாதிமாருக்கும், பாடையைத் தோளில் சுமந்த எல்லோருக்கும், மழையோடு பலாபத்வலையிலிருந்து வந்து கடைசி வரை நின்ற ஹாஜியாருக்கும் எங்கள் குடும்பம் கையெடுத்துக் கும்பிடுகிறது.

தலைவரும் லெச்சுமி அக்காவும் மற்றப் பெற்றோரும் இதை வாசிக்க வேண்டும். கல்லை எடுத்தவள் நான். அண்ணன் பிழை செய்யவில்லை. திங்கட்கிழமை காலை துரையிடமும் இதைச் சொல்வேன். அவர் வேலையில் இருக்கச் சொன்னால், வழக்கமான நேரத்துக்கு மடுவத்தைத் திறந்து வாசலில் நிற்பேன். உங்கள் பிள்ளைகளை என்னிடம் விடுவதும் விடாததும் உங்கள் விருப்பம்.