படிக்கட்டுக்கு முன் அங்கே ஒரு வீடு

எங்கள் சுரங்க ரயில் நிலையத்துக்கு இரண்டு வாசல்கள். பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஒன்று, கிழக்கே துணிக்கடைகளுக்கு நடுவில் ஒன்று. கிழக்கு வாசலில் இறங்குகிறவர்கள் என் அத்தானுடைய வீட்டு முன்னறையை மிதித்துக்கொண்டுதான் போகிறார்கள். தெரியாதவர்களுக்கு அத்தானே நிறுத்திச் சொல்லிவிடுவார்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். நிலையத்தின் அடித்தளத்தில் பம்ப் ஓட்டுகிறார். மண்ணுக்குள் கட்டிய நிலையத்தில் சுவரெல்லாம் தண்ணீர் கசிந்துகொண்டேதான் இருக்கும். அது ஒரு தொட்டியில் சேரும், பம்ப் அதை மேலே தள்ளும். பம்ப் நின்றால் தண்டவாளம் குளமாகிவிடும். இதில் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் அத்தானுக்கு அது போதாது. தண்ணீர் கொஞ்சம் கூடினால், மேலே எவனோ வேண்டுமென்றே குழாயைத் திறந்துவிட்டான் என்பார். குறைந்தால், மீட்டரில் கைவைத்துவிட்டார்கள் என்பார். நிலையத்தில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் விசாரணைக் கமிஷன். டிக்கெட் கவுன்ட்டரில் ஆள் எடுக்கிறார்கள் என்று எனக்குச் சொன்னவரே அவர்தான். நான் சேர்ந்த முதல் வாரமே, "உனக்கு மட்டும் எப்படிடா ஒடனே கெடைச்சுது?" என்று கேட்டவரும் அவர்தான்.

அவருடைய சந்தேகங்களுக்கெல்லாம் தாய்ச் சந்தேகம் ஒன்று உண்டு. அது அவர் அண்ணன்மேல்.

நிலையம் தோண்டிய காலத்தில் அந்தத் தெருவில் அம்மா, அண்ணன், தம்பியான அத்தான் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அண்ணன் தையல்காரர். முன்னறையிலேயே மிஷின் போட்டிருந்தார். கீழே தோண்டத் தோண்ட மேலே வீடுகளில் முடியளவு விரிசல்கள் விட்டன. என்ஜினியர்கள் வந்து ஒவ்வொரு விரிசலுக்கும் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமென்ட் வைத்து ஒட்டிவிட்டுப் போனார்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் அன்றைக்கே வீட்டைக் காலி செய்ய வேண்டும். தெருவே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி கிடந்தது.

உடைந்தது இவர்கள் வீட்டுக் கண்ணாடி. வீட்டைக் காலி செய்தார்கள், பிறகு இடித்தார்கள். கிழக்கே வாசல் வைக்கும் எண்ணமே முதலில் கிடையாது; காலி இடம் கிடைத்ததும் படிக்கட்டு போட்டுவிட்டார்கள். அண்ணனுக்குப் புதுச் சந்தையில் ஒரு கடை கொடுத்தார்கள், தம்பிக்கு நிலையத்தில் வேலை கொடுத்தார்கள். இந்த இரண்டாவது விஷயத்தை அத்தான் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"மிஷினுக்கு நேர் மேலதான்டா அந்தக் கண்ணாடி இருந்துச்சு. பகலெல்லாம் அங்க உக்காந்திருந்தது அவன் ஒருத்தன்தான்" என்பார் என்னிடம். "முந்தின நாள் நானே தட்டிப் பாத்தேன். கண்ணாடின்னு சொல்லிட்டு பிளாஸ்டிக்க ஒட்டி நம்ம காதுல பூ சுத்தறாங்களோன்னு, அவன் கத்தரிக்கோல் பிடியாலயே நாலு தட்டு தட்டினேன். ணங்குன்னு கேட்டுச்சு. ஒரு கீறல் இல்ல. மறுநாளே தானா ரெண்டாப் போயிடுமா? கடைக்கு ஆசப்பட்டு ஒடச்சுட்டான்."

அன்றோடு அண்ணனிடம் பேச்சை முறித்துக்கொண்டார். அம்மா பெரியவரோடு, அதாவது அந்த அண்ணனோடு இருந்ததால் அம்மாவைப் பார்க்கவும் போகவில்லை. அம்மா படுத்த படுக்கையானபோதும் போகவில்லை. அம்மா இறந்த அன்று பெரியவர் வீட்டுத் தெருமுனை வரை வந்தவர், அங்கேயே நின்றுவிட்டார். அக்கா கையைப் பிடித்து இழுத்தும் அசையவில்லை. அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பெற்றவளை விடவா ஒரு கண்ணாடித் துண்டு பெரிது?

பெரியவர் மட்டும் நிலையத்துக்கு வருவதை விடவில்லை. என் கவுன்ட்டரில் அடுத்த நிலையத்துக்கு ஒரு டிக்கெட் வாங்குவார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"தம்பி நல்லா இருக்கானா?"

"இருக்காருங்க."

அவ்வளவுதான். அவர் அந்தப் பக்கம் போனதும் அத்தான் வந்து நிற்பார்.

"என்ன கேட்டான்?"

"நீங்க நல்லா இருக்கீங்களான்னு கேட்டாரு."

"ஏன், நல்லா இல்லன்னு எவனாவது சொன்னானா?"

போன மழைக்குப் பிறகு பம்ப் அறைச் சுவரிலேயே விரிசல் விட்டது. ஒரு பெண் என்ஜினியர் வந்து கண்ணாடித் துண்டு ஒட்டினார். அறைச் சாவியைக் கொடுக்கப் போன நானும் அங்கே நின்றேன். அத்தான் அந்தப் பெண்ணின் தோளுக்குப் பின்னாலிருந்து விசாரணையைத் தொடங்கினார்.

"இது நெஜக் கண்ணாடிதானா?"

"நெஜம்தான் சார். தயவுசெஞ்சு தட்டிப் பாத்துடாதீங்க."

"தட்டினா என்ன ஆகும்?"

"அப்ப ஒண்ணும் ஆகாது சார், அதுதான் தொல்லையே. கண்ணுக்குத் தெரியாம ஒரு கீறல் விழுந்திருக்கும். அப்புறம் கொஞ்சம் அதிர்ந்தாலே ரெண்டாப் போயிடும். செவுரு அசையாமலே அசைஞ்சுடுச்சுன்னு நெனச்சு நாங்க எல்லாரையும் வெளிய அனுப்பிடுவோம். எங்க ஒட்டினாலும் யாராவது ஒருத்தர் தட்டித்தான் பாக்கறாங்க."

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பெண் போன பிறகு, "இந்தப் பொண்ண யாருடா அனுப்பினது? அவன் ஏதும் சொல்லிக் குடுத்திருப்பானோ?" என்றார். ஆனால் அந்தக் குரலில் பழைய முறுக்கு இல்லை. வேலை முடிந்து கைகழுவும்போது, "அந்தத் தெருவுல அவன் வீடு எது?" என்று கேட்டார்.

சாயங்காலம் இரண்டு பேரும் போனோம். பெரியவர் ஒரு பையனுடைய பள்ளிச் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்ததும் எழுந்தார், சட்டை மடியிலிருந்து விழுந்தது. அத்தான் வாசலைத் தாண்டவில்லை.

"நான் கண்ணாடியத் தட்டினது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்டா. சமையக்கட்டு வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

அத்தான் யோசித்தார். "மாட்டேன்."

"நம்பினா அதவிடக் கஷ்டம்டா. வீடு உன்னாலதான் போச்சுன்னு தெரிஞ்சா நீ உன்னையே போட்டு அரிச்சுக்கிட்டு இருப்பே. உன்னை எனக்குத் தெரியாதா? எம்மேல கோவம்னா நாலு மாசத்துல ஆறிடும்னு விட்டுட்டேன். நீ இப்படி இழுப்பேன்னு நான் நெனைக்கல."

அத்தான் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். பெரியவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அத்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணே, கடைசில அம்மா என்னக் கேட்டாங்களா?"

"தெனமும் கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"டூட்டி, லீவு குடுக்க மாட்டேங்கறாங்கன்னு சொன்னேன்."

"நம்பினாங்களா?"

"ஒவ்வொரு தடவையும் நம்பினாங்கடா."