ஆனி கடைசி நாளில் தொலைந்த பிஸ்கட் டின்

போன மாதம் வழக்கறிஞரிடம் போய் உயில் எழுதிவிட்டு வந்தேன். "இப்ப என்னம்மா அவசரம், நல்லாத்தானே இருக்கீங்க?" என்று என் மகன் முகம் சுளித்தான். நல்லா இருக்கும்போதுதானே எழுத முடியும்? ஆடி பிறப்பதற்குள் முடித்தாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். ஏன் ஆடி என்று கேட்டார்கள். சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். இங்கே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. நாடு சுதந்திரம் வாங்கிய மெர்டேக்கா வருடம். காஜா பேராங் என்ற ஊரில் தாத்தாவின் பலகை வீட்டில் தாத்தா, அம்மா, நான் என்று மூன்றே பேர். அப்பா முந்தின வருடம் காய்ச்சலில் போய்விட்டார். அந்தத் துக்கத்தில் தாத்தாவுக்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அதன்பிறகு அவருக்கு உலகம் என்பது சமையலறையை ஒட்டிய அறையும், ஜன்னலோரச் சாய்வு நாற்காலியும்தான். அம்மாதான் அவருக்குத் தைலம் தேய்த்து, வெந்நீரில் குளிப்பாட்டி, சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டினார். மாமனார், மருமகள் என்று கூச்சப்பட இருவருக்கும் நேரமில்லை.

தாத்தாவின் மூத்த மகன், என் பெரியப்பா, புக்கிட் பாருவில் இருந்தார். கெட்டவர் இல்லை, ஆனால் எதிலும் முறை பார்ப்பவர். பெற்ற மகன் இருக்கும்போது தகப்பனை மருமகள் வைத்துப் பார்ப்பது அவருக்குப் பெரிய மானக்கேடு. தாத்தாவைத் தன்னோடு அழைத்துப் போவது, வீட்டைத் தன் பேருக்கு மாற்றி விற்றுவிடுவது, அம்மாவையும் என்னையும் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்த மாமாவிடம் அனுப்புவது என்று ஒரே மூச்சில் முடிவு செய்துவிட்டார். மாமாவுக்கு ஆறு பிள்ளைகள், வீட்டில் ஓர் அறை. தாத்தா தலையை ஆட்டினார். சம்மதித்து ஆட்டினாரா, வாதத்தில் தானாக ஆடியதா என்று யாரும் கேட்கவில்லை.

"ஆனி முடியறதுக்குள்ள முடிச்சிரணும். ஆடியில வீடும் மாறக்கூடாது, பத்திரத்துலயும் கை வைக்கக்கூடாது," என்றார் பெரியப்பா. "கிராண்ட் பத்திரம்மா. அது இல்லாட்டி லேண்ட் ஆபீஸ்ல ஒன்னும் நடக்காது."

வீட்டுப் பத்திரத்தை எங்கள் பக்கம் கிராண்ட் என்றுதான் சொல்வோம். அது தாத்தாவின் அலமாரியில், பழைய பிஸ்கட் டின் ஒன்றில் இருந்தது. எனக்குப் பத்திரமும் தெரியாது, பாகமும் தெரியாது. தாத்தா போய்விட்டால் காப்பியில் தோய்த்த ரொட்டியில் எனக்குப் பாதி கொடுக்க ஆளில்லை. அந்தக் கவலைதான் எனக்கு.

ஆனி கடைசி நாள் காலை, அம்மா முன்னறையில் தாத்தாவின் வேட்டிகளை மடித்துக்கொண்டிருந்தார். தாத்தா நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தார். நான் பூனை மாதிரி போய் டின்னை எடுத்து, பின்பக்கக் கோழிக்கூட்டில் அடைகாத்த பெட்டைக்குக் கீழே, வைக்கோலுக்குள் செருகிவிட்டேன். அது ஒரு ராட்சசி. என்னைத் தவிர யார் கை நீட்டினாலும் கொத்திக் குதறிவிடும்.

பெரியப்பா வெள்ளைச் சட்டையோடு காரில் வந்து இறங்கினார். டின்னைக் காணோம். தேடல் தொடங்கியது. தாத்தா குழறிய நாக்கோடு வழி சொன்னார். "பரண்ல பாரு." பெரியப்பா பரணில் ஏறி ஒட்டடையோடு இறங்கினார். "கட்டிலுக்கு அடியில." தவழ்ந்து பார்த்தார். "அரிசித் தொட்டியில." தோள் வரை மாவானார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மதியம் தாண்டியதும் பெரியப்பாவின் பொறுமையும் தாண்டிவிட்டது. "ஏம்மா, நீதான் எடுத்து மறச்சு வச்சிருக்கியா?"

அம்மாவின் கையிலிருந்த வேட்டி கீழே விழுந்தது. "சத்தியமா இல்லீங்க," என்றவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்பாவின் சாவுக்குப் பிறகு அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் தாத்தா நல்ல கையால் நாற்காலிச் சட்டத்தைத் தட்டினார். "அவள ஏன்டா கேக்கற? நான்தான் எங்கயோ எடுத்து வச்சேன். மறந்துட்டேன். வயசாயிருச்சில்ல?"

அலுவலகம் மூடியாயிற்று. விடிந்தால் ஆடி. பெரியப்பா ஒட்டடைச் சட்டையோடு தனியாகத் திரும்பினார்.

நாலாம் நாள் டின்னை எடுத்த இடத்திலேயே வைத்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மாதம் முழுக்கத் தாத்தா எங்களோடு இருந்தார். அம்மா கூழ் காய்ச்சி ஊட்டினார். பெரியப்பா அடிக்கடி வந்து எதிரே உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவணி பிறந்ததும் கார் வந்தது. தாத்தா அம்மாவையும் ஏறச் சொன்னார். நானும் ஒண்டிக்கொண்டேன். நில அலுவலகத்தில் விரலை மையில் வைக்கும் முன் தாத்தா பெரியப்பாவை நிமிர்ந்து பார்த்தார். "பாதி உனக்கு. சின்னவன் பங்கு இவளுக்கு. விக்கறதுன்னா ரெண்டு பேரும் சேர்ந்து விக்கணும்."

வீட்டு வாசலில் தாத்தாவைத் தூக்கி இறக்கும்போது பெரியப்பா சொன்னார். "அப்பா இங்கயே இருக்கட்டும்மா. நீ பாக்கற மாதிரி எங்களால பாக்க முடியாது."

அந்த மனுஷனுக்கும் நான் நன்றி சொல்லவேண்டும். விற்கும் பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை. தாத்தா இருந்த மட்டும் ஞாயிறு தவறாமல் வந்து தகப்பனுக்குத் தன் கையாலேயே சவரம் செய்துவிட்டுப் போவார். மெர்டேக்கா அன்று தாத்தாவை நாற்காலியோடு வாசலுக்குத் தூக்கி வந்து உட்காரவைத்தவரும் அவர்தான். அந்த வீட்டிலிருந்துதான் நான் படித்தேன், எனக்குக் கல்யாணமும் ஆனது.

ஊரையே ஏமாற்றிவிட்டேன் என்ற பெருமை எனக்கு வெகுகாலம் இருந்தது. அம்மா அதே அறையில் படுக்கையில் விழுந்த பிறகு, நான்தான் ஊட்டினேன். ஒருநாள் அவர் கண்ணயர்ந்ததும், அசதியில் தாத்தாவின் சாய்வு நாற்காலியில் சாய்ந்தேன். தலையைத் திருப்பவே வேண்டியிருக்கவில்லை. எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு நேரே, கைக்கெட்டும் தூரத்தில், பழைய கோழிக்கூடு.

பரண், கட்டில், அரிசித் தொட்டி என்று வீட்டையே கலைக்கச் சொன்ன தாத்தா, அன்று அந்தக் கோழிக்கூட்டை மட்டும் பார்க்கச் சொல்லவே இல்லை.